ஐஸ் பெட்டியை இறக்காதேங்கோ

எனக்கு முதல் அநியாயம் செய்தவன் முல்லைத்தீவு மரியதாஸ். மீன் ஏற்றி விற்கிறவன். அவனிடம் ஒரு ஜீப் இருக்கிறது, ஒரு வாயும் இருக்கிறது. ஜீப்பை நான் திருத்தினேன். வாயைத் திருத்துவதற்கு என்னிடம் ஸ்பனர் இல்லை.

மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கிறேன். பாரம் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் குந்திப்போன ஜீப், பிக்கப் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் தகடு கூட்டிப்போட்டு நிமிர்த்திக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலில் வாகனம் குனிந்தாலும் எங்களில்தான் குற்றம், நிமிர்ந்தாலும் எங்களில்தான் குற்றம். தையல்காரர், தச்சர், பல் கட்டுகிறவர் என்று அளவு பார்த்து வேலை செய்கிற எல்லோரும் இதைப் பட்டிருப்பீர்கள். நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் யார் எந்த இடத்தில் நின்று என்னை என்ன சொன்னார் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை.

கழுவிக்கொண்டு வந்த ஜீப்

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். கராஜுக்கு வாகனம் கொண்டுவருவதென்றால் பெண் பார்க்கப் போகிற மாதிரி. உள்ளே கிடக்கிற சாமானை எல்லாம் இறக்கி, கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார்கள். ஊத்தையோடு வந்து நின்றால் மரியாதை இல்லையாம். ரயர் மாற்ற வருகிறவன் சாமானை இறக்கிக் கழுவிக்கொண்டு வரலாம். ஸ்பிரிங்குக்கு வருகிறவன் அப்படி வந்தால் நான் எதைப் பார்த்து வேலை செய்வது? வெறும் வாகனம் எல்லாம் நிமிர்ந்துதான் நிற்கும். பாரம் ஏற்றினால்தான் எங்கே வளைகிறது என்று தெரியும்.

மரியதாஸும் அப்படித்தான் வந்தான். கடற்கரை மணலுக்குள் இறங்கி மீன் ஏற்றுகிற ஜீப், கலியாண வீட்டுக்கு வந்தது போல மினுங்கியது. பாரத்தோடு போனால் பின்பக்கம் குந்தி, லைற் வெளிச்சம் ரோட்டில் விழாமல் பனை வட்டுக்கு அடிக்கிறதாம். "எவ்வளவு பாரம் ஏத்திறனி?" என்று கேட்டேன். "பெரிசா ஒண்டும் இல்லை அண்ணை, கொஞ்சம் ஐஸ் பெட்டி." "அப்ப பெட்டியளோட வா." "மீன் நாத்தத்தோட உங்கட வாசலில வந்து நிக்கேலுமே?" என்றான். ஜீப்பின் பின்தட்டில் பெட்டிகள் தேய்த்த அடையாளம் அவன் சொன்னதை விடக் கூடச் சொன்னது. அதைப் பார்த்துப் பின் சில்லு இரண்டுக்கும் தகடு கூட்டிப்போட்டேன். "பெட்டி ஏத்தினால்தான் இது சுகமா ஓடும், வெறுமனே ஓடினால் தூக்கிப் போடும். புதுத் தகடு படிஞ்சாப் பிறகு பாரத்தோட வா, போல்ட்டை ஒருக்கா இறுக்கவேணும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அவன் நேரே சந்தைக்குப் போய், மனிசிக்கு முட்டை வாங்கி, வெறும் ஜீப்பின் பின்னால் வைத்துக்கொண்டு குழிக்கு மேல் குழியாக வீட்டுக்கு ஓடியிருக்கிறான். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில், ஆட்கள் நிறைந்த நேரம் பார்த்துச் சொன்னான்: "எங்கட கராஜ் அண்ணை என்ர ஜீப்பை மாட்டுவண்டிலாக்கிப் போட்டார். இனி முட்டை வேணுமெண்டால் கடையிலயே பொரிச்சு வயித்துக்க போட்டுக்கொண்டுதான் வீட்டை போகவேணும்!"

வந்து சேர்ந்த பெயர்

கடைக்காரச் சிவம்தான் அதை எனக்கு வந்து சொன்னவர். சொல்லும்போதே சிரித்தார். அவரையும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சந்தியில் எனக்கு 'முட்டை அண்ணை' என்று பெயர் வந்துவிட்டது. ஒருவர் பிக்கப்பை விட்டுவிட்டுப் போகும்போது, "தகடு போடுங்கோ, ஆனால் என்ர மனிசி கோழி வளக்கிறவா, அதையும் யோசிச்சுப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் வராமலே விட்டார்கள்.

கோபம் ஒரு பக்கம். மறு பக்கம் அந்தப் போல்ட்டு. புதுத் தகடு பாரத்தில் படியப் படிய, அதைப் பிடிக்கிற போல்ட்டு இளகும். இளகினால் அச்சு இடம் விட்டு அரக்கும். அரக்கினால் எந்த வளைவில் என்ன நடக்கும் என்று தொழில்காரனுக்குத்தான் தெரியும். அவன் என்னை எப்படிப் பேசினாலும், என் கையால் போட்ட தகட்டோடு அவன் கவிழக் கூடாது. சிவத்திடம் சொல்லியனுப்பினேன்: வந்து இறுக்கிக்கொண்டு போகட்டும், ஆனால் சந்தியில் சொன்னதைச் சந்தியிலேயே திருப்பிச் சொல்லட்டும். பதில் வந்தது: "இறுக்கப் போனால் அவர் என்னையும் சேர்த்து இறுக்குவார். ஓடுமட்டும் ஓடட்டும்."

ராமையா ஏற்றி வந்த பாரம்

எல்லோரும் அப்படியில்லை. ராமையா என்று ஒருவர், மலைநாட்டில் இருந்து வந்து இங்கே காடு வெட்டித் தோட்டம் செய்கிற குடும்பம். பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார். தகடு கூட்டவேண்டும் என்றார். "பாரத்தோட வாங்கோ" என்றேன். அறுவடைக்கு இன்னும் நாள் கிடந்தது, ஏற்ற நெல்லு இல்லை. மனிதர் யோசித்திருக்கிறார். அடுத்த நாள் பிக்கப் வந்து நின்றது. பின்னால் மாமியார், மாமனார், மச்சான்மார், அவர்களின் பெண்சாதிமார், எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "நெல்லு இல்லீங்க ஐயா. இவங்களச் சேத்தா மூட்டைக் கணக்குக்குச் சரியா வரும்" என்றார் ராமையா.

நான் சிரிக்கவில்லை. என் சொல்லைக் கேட்ட ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்தது. அவர்களை முன்னுக்கும் பின்னுக்கும் அரக்கி நிற்க வைத்து அளவெடுத்தேன். யார் அசைந்தாலும் அளவு மாறியது. கடைசியில் மாமியார் பொறுக்காமல் கேட்டா: "என்னைய எந்த மூலையில வச்சா வண்டி நேரா நிக்கும்னு சொல்லுங்க தம்பி, அங்கயே உக்காந்து சோறு திங்கிறேன்."

தண்ணீரூற்றில் இருந்து வந்த அழைப்பு

போன மாரிக்கு என் மனிசி முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அடை மழை பிடித்து, ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளம் பாயத் தொடங்கிவிட்டது. காலையில் மச்சாள் வசந்தி போன் எடுத்து அழுதாள். மனிசிக்கு அடிவயிற்றில் நோவு, நிமிர ஏலாதாம். ஓட்டோக்காரர் வெள்ளத்துக்குள் இறங்க மாட்டோம் என்கிறார்களாம். "அத்தான், நல்ல காலம், ஒரு மீன் ஜீப் வந்தது. மறிச்சுப்போட்டம். ஆர் தெரியுமே? மரியதாஸ் அண்ணை. இறால் பெட்டியளோட மாங்குளம் வந்துகொண்டிருந்தவர், அக்காவை ஏத்திக்கொண்டு திரும்பி முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போறன் எண்டிறார். இப்ப பெட்டியளை இறக்கிக்கொண்டு நிக்கினம், அக்காவுக்கு நாத்தமா இருக்குமெல்லே."

இறுக்காத போல்ட்டு. அதற்கு மேல் வெறும் ஜீப். ஒவ்வொரு குழிக்கும் அவவைத் தூக்கி எறியும். வெள்ளம் இழுக்கிற இடத்தில் பாரம் இல்லாத ஜீப் கரைக்கு ஒதுங்கப் பார்க்கும். "இறக்காதேங்கோ! ஐஸ் பெட்டியை இறக்காதேங்கோ! போனை அவனிட்டைக் குடு!" என்று கத்தினேன். முட்டைக் கதைக்குப் பிறகு நாங்கள் முதல் தரம் பேசினோம். "அண்ணை, வருத்தக்கார மனிசி, மணக்குமே" என்றான். "மணந்தால் மணக்கட்டும். இறக்கினதையும் திருப்பி ஏத்து. போல்ட்டு இறுக்கேல்லை, தெரியுந்தானே?" பெட்டியைத் திருப்பி ஏற்றச் சொல்லி அவன் கத்தியது மழைக்குள் கேட்டது. பிறகு, "தெரியும் அண்ணை. ஊர்ந்துதான் போவன்" என்றான்.

அதற்குப் பிறகு போன் மணி அடிக்கும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுத எனக்குத் தெரியாது. கையில் ஒரு ஸ்பனரை வைத்துக்கொண்டு கராஜுக்குள் சும்மா நடந்தேன். கடைசியில் வசந்திதான் போன் எடுத்தாள்: குடல்வால் அழற்சியாம், வெடிக்க முன்னம் கொண்டுவந்துவிட்டார்களாம், வெட்டி எடுத்துவிட்டார்களாம். வெள்ளம் வடியப் போய்ப் பார்த்தேன். ஆசுபத்திரி வாசலில் மரியதாஸ் நின்றான். ஆட்கள் பார்க்க, சத்தமாக, அவனுக்கு நன்றி சொன்னேன். இறால் முழுக்கப் பழுதாய்ப் போனதற்கும் சேர்த்துச் சொன்னேன். என் பக்கம் தீர்ந்தது. உள்ளே போய் மனிசியிடம் ஜீப் ஆடினதோ என்று கேட்டேன். அவ கண்ணை மூடிக்கொண்டே சொன்னா: "ஆட்டம் ஒண்டும் தெரியேல்லை. இறால் நாத்தத்தில வயித்துநோவே மறந்துபோச்சு."

பாரத்தோடு வந்த நாள்

மனிசி வீட்டுக்கு வந்த கிழமையே ஜீப் என் வாசலில் நின்றது. கழுவவில்லை. பெட்டி முழுக்க மீன், ஐஸ் கரைந்து நிலத்தில் ஒழுகியது, ஊர்ப் பூனை எல்லாம் கூடிவிட்டது. மரியதாஸ் இறங்கிப் பின் சில்லைக் காட்டினான். கீழே படுத்து ஸ்பனரைப் போட்டேன். போல்ட்டு சுற்றியது, சுற்றிக்கொண்டே போனது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இரத்தமில்லை. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. இறுக்கி முடித்து வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது.

சந்தியில் சொன்னதைப் பற்றி இப்போதாவது வாய் திறப்பான் என்று கையைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றேன். மனிசிக்கு என்று பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிப் பக்கம் போனான். அங்கே அவன் சொன்னதை மனிசி பிறகுதான் எனக்குச் சொன்னா: "அக்கா, உங்கட மனிசன்ர வேலை திறம், அண்டைக்கு ஜீப் படகு மாதிரிப் போனது. ஆனால் இதைச் சந்தியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

மனிசி சுகமாகி வந்துவிட்டா, ஜீப்பும் நிமிர்ந்து ஓடுகிறது, பாரை மீனும் நல்ல ருசிதான், ஆனால் குசினியில் சொன்னது சந்தியில் சொன்னதாகாது என்பதால் மரியதாஸ் தேத்தண்ணிக் கடையில் எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு வசனம் இன்னும் பாக்கிதான்.