உறையில் பெயரில்லாத கிட்டார்காரர்

பழைய சினிமா இசைத்தட்டு உறையில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் பாட்டு எழுதியவர் பெயரும் இருக்கும். வாசித்தவர் பெயர் மட்டும் இருக்காது. அதிலும் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, நரம்பின்மேல் இரும்புத்துண்டை வழுக்கி வாசித்தவர்களை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்துக்கு ஒத்து ஊத மேலப்பாளையத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். வளைகுடாவில் ரேடியோ பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிறு மத்தியானம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். பாட்டில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, வாசித்தது யார் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம்.

"வேலையத்தவன் பூனையச் செரைச்ச கதைதான்" என்பாள் என் மனைவி, காப்பியை வைத்துக்கொண்டே.

பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். ஸ்வரத்தை முறுக்கிப் பிழிகிறவர் ஈரத்துணி. எல்லா வாத்தியமும் வந்து உட்கார்ந்த பிறகு சாவகாசமாக நுழைகிறவர் மாப்பிள்ளை. அசல் பெயர் எதுவும் எங்களுக்கு அகப்பட்டதே இல்லை.

போன ஆடியில், நண்பர் வந்திருந்த ஒரு ஞாயிறு, எங்கள் கிறுக்கைக் கேள்விப்பட்டு, தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தேடி வந்தார். அவருடைய அப்பா இங்கே கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக் குழுவுக்கு இதே மடிக் கிட்டார் வாசித்தவர். இள வயதில் கொஞ்ச காலம் மெட்ராஸ் போய் சினிமாவுக்கு வாசித்ததாகச் சொல்வாராம். எந்தப் பாட்டு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கொடுத்ததை வாசித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்களாம். வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எங்கண்ணன் இன்னைக்கும் சொல்லுதான் சார், அப்பா கடற்கரையில காத்து வாங்கிட்டு வந்து கத விட்டாருன்னு. அப்பா பொய் சொல்லலைன்னு ஒரே ஒரு பாட்டுல காட்டிருங்க. போதும்."

கோயிலில் வாசித்த கை என்றால் உருக்கமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஈரத்துணியின் சோகப் பாட்டு ஒன்றைப் போட்டேன். டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இவ்வளவு அழுகையா? எங்கப்பா சிரிச்ச மூஞ்சில்லா."

"ஆனைக்கும் அடி சறுக்கும் வே, அடுத்ததப் போடும்" என்றார் நண்பர்.

தாலாட்டு போட்டேன், படகுப் பாட்டு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஏன்தான் இவர் ஆசையைக் கிளப்பினோமோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த தட்டைத் தேடினேன்.

மிச்சமிருந்தது ஒரு கிளப் டான்ஸ் பாட்டு. மாப்பிள்ளையின் கைவரிசை. கோயிலுக்குப் போகிற டீச்சர் முன்னால் அதைப் போடவே எனக்குக் கூச்சம். நல்லவேளை, அவர் முகம் சுளிக்கவில்லை. பாட்டு முடிகிற நேரத்தில் நான் ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன். தட்டின் உள்வட்டத்தில் கீறல் அதிகம், ஊசி கெட்டுவிடும் என்று எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

"இருக்கட்டும் சார், முடிஞ்சிரட்டும். பாதியில எந்திச்சுப் பழக்கமில்ல."

சலங்கை ஓய்ந்தது, மேளம் ஓய்ந்தது. கரகரப்புக்கு நடுவே கிட்டார் மட்டும் தனியாக ஒரு ஸ்வரத்தில் நின்று, அரை ஸ்வரம் பைய இறங்கி உட்கார்ந்தது.

"ஆமென்!" என்று டீச்சர் கத்தியதில் என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

கோயிலில் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஆமென் பாடும்போது வருகிற இரண்டு ஸ்வரமாம் அது. கல்யாண வீட்டில் வாசித்தாலும், பிள்ளைகளைத் தூங்கவைக்க வாசித்தாலும், அதைப் போடாமல் அவர் கிட்டாரைக் கீழே வைக்கமாட்டாராம். பழகிய கை தானாகவே கிளப் டான்ஸுக்கும் அதைப் போட்டுவிட்டது. மெட்ராஸில் ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

"ஆட்டக்காரிக்கும் ஆசீர்வாதம் கெடச்சிட்டே வே!" என்று நண்பர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பாழாய்ப்போன புத்தி குறுக்கே வந்தது. வேறொரு கோயில்காரராகவும் இருக்கலாமே?

டீச்சர் அதற்குள் சாத்தான்குளத்திலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். விவரம் எதுவும் சொல்லவில்லை. "பேசாமக் கேளுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டினார். நான் பாட்டின் கடைசியைப் போட்டேன்.

கிட்டார் அந்த அரை ஸ்வரம் இறங்கியதுதான் தாமதம்.

"ஏட்டி" என்றது குரல், "அது அப்பால்லா!"

டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணன்தான் மறுபடி பேசினார்.

"இன்னொரு தடவ போடச் சொல்லு."