கன்செப்டா விழுங்கிய பெயர்

கன்செப்டா டூஹியின் பப்புக்குள் யார் நுழைந்தாலும், "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டையே எடுப்பாள். வம்பு மட்டும் காரணமல்ல. அயர்லாந்தில் எங்கள் கிளேர் பக்கத்தில் யாருக்கு யார் உறவு என்று தெரியாமல் வாயைத் திறந்தால் பிழைக்க முடியாது.

அன்று மதியம் சமையல்காரிக்குக் காய்ச்சல். கன்செப்டாவே அடுப்படிக்கும் முன்கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். லிவர்பூலிலிருந்து வந்த கிழவரையும் அவர் மகளையும் சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்து, கேள்வியைக் கேட்காமலே பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்துவிட்டாள்.

தினமும் அங்கே சாப்பிடுகிற நான், அவரை வாசலிலேயே யார் என்று கேட்டிருந்தேன். "மலாக்கி ஸ்கேன்லனோட பேரன்" என்றார் கிழவர் பெருமையாக. "தாத்தா இந்த ஊர்ப் பசங்களோட சேர்ந்து சண்டை போட்டவரு. அவரு போட்டோ உள்ள இருக்கும்ல?" அவர்கள் பின்னாலேயே நானும் உள்ளே ஓடினேன்.

சுவரில் இருந்தது கன்செப்டாவின் பெரியப்பா படம். 1921இல், சுதந்திரப் போரின்போது, பிரிட்டிஷ் ராணுவம் பப்புக்குள் புகுந்து, ஒளிந்திருந்த அவரைச் சுட்டது. குண்டு துளைத்த ஓட்டை கவுண்டர் பலகையில் இன்னும் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவன் மலாக்கி ஸ்கேன்லன். அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லாமல் விடக்கூடாது என்று சொல்லித்தான் அவள் அப்பா பப்பை அவளிடம் ஒப்படைத்தார். சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்வாள். மலாக்கியின் உறவுக்காரர் யாரும் அங்கே இல்லையென்று தெரிந்துகொண்ட பிறகே சொல்வாள்.

அன்றும் ஆரம்பித்துவிட்டாள்.

"கன்செப்டா, எனக்கு ஒரு டீ" என்று குறுக்கே விழுந்தேன்.

"கெட்டில் உன் பக்கத்துலதான இருக்கு. கையில என்ன சுளுக்கா?" என்றவள், ஓட்டையில் விரலை வைத்தாள். "எங்க பெரியப்பாவுக்குப் பத்தொம்பது வயசு. ராணுவத்துக்குச் சொல்லிக் குடுத்தது கூடவே திரிஞ்ச ஒருத்தன். அவன் பேரு..."

கிழவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. அந்தப் பசங்கள்ல மலாக்கி ஸ்கேன்லன்னு ஒருத்தர் இருந்தாரா? எங்க தாத்தா."

கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் கண்ணாடித் தம்ளரையே பார்த்தார்கள். கன்செப்டாவின் முகம் வெளுத்துவிட்டது. பாதிரியாரின் பிரசங்கம் இழுவை என்று கோயில் வாசலில் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவள் அவள். இவர் கிழவர் என்பதற்காக விடமாட்டாள் என்றுதான் நான் பயந்தேன்.

"இருந்தாரு" என்றாள்.

"அன்னைக்கு இங்க இருந்தாரா?"

"இல்ல. அன்னைக்கு அவரு மட்டும் வரல."

"அதிர்ஷ்டக்காரரு" என்று சிரித்துவிட்டுக் கிழவர் இறைச்சியை வெட்டினார். மகள் சாப்பிடவில்லை. அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள். கன்செப்டாவின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்ல வந்தது அப்பாவோட தாத்தா பேருதானே?"

"உங்கப்பா வயிறார சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"அப்ப பத்திரமா கூட்டிட்டுப் போம்மா."

கதவு சாத்தியதும், பெரியப்பா படத்துக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள் கன்செப்டா.