பிறை மாமாவுக்கு ஒரு வணக்கம்

நானும் என் கணவரும் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரே தமிழ்ப் பள்ளியில், ஒரே கூடத்தில் பாடம் நடத்தினோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும். என் பக்கம் சந்தைக்கடை. அடியாத மாடு படியாது என்பது அவர் கட்சி. கேள்வி கேட்காத பிள்ளையிடம் எனக்கு என்ன வேலை என்பது என் கட்சி. இதற்காக நாங்கள் வீட்டில் போடாத சண்டை இல்லை.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு சண்டை போடவும் தெம்பில்லை. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானமும் அதுவே. பள்ளி விட்டதும் ஆசிரியர்களுக்கு ஜப்பானிய மொழி வகுப்பு. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் தூங்கி வழிவோம்.

தினமும் காலையில் பிள்ளைகளை வெளியே கிழக்கு பார்த்து நிறுத்தி, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்கு இடுப்பு வளையக் குனிய வைக்க வேண்டும். முதல் வாரமே என் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்தப் பக்கம் பிறை ஊருதானே இருக்கு? எங்க மாமா அங்கதான் ரயில்ல வேலை செய்றாரு. அவரையா கும்பிடுறோம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் நின்று கிழக்கே பார்த்தால் கடல், கடலுக்கு அந்தப்புறம் பிறை. அன்றிலிருந்து குனியும்போதெல்லாம் அவள் "வணக்கம் மாமா" என்று முணுமுணுப்பாள், வரிசை குலுங்கும். நான் கண்டுகொள்ளவில்லை. பசித்த பிள்ளைகள், சிரித்துவிட்டுப் போகட்டுமே என்றிருந்தேன்.

பிறகு ஒரு செய்தி வந்தது. திங்கட்கிழமை ஜப்பானிய அதிகாரி எங்கள் பள்ளிக்கு வருகிறார். வேறொரு பள்ளியில் வணக்கத்தின்போது சிரித்த பிள்ளையின் அப்பாவை விசாரணைக்குக் கூட்டிப்போனார்களாம், இன்னும் திரும்பவில்லையாம். எனக்கு உடனே என் வகுப்புப் பெண்ணின் அப்பா முகம்தான் கண்ணில் நின்றது.

"மூணு நாள் உன் வகுப்ப என்கிட்ட விடு. நான் பாத்துக்கிறேன்" என்றார் என் கணவர்.

"வேணாங்க. என் பிள்ளைங்க. நானே சொல்லிக்கிறேன்."

சொன்னேன். கதையாகச் சொன்னேன், கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை காலையிலும் "வணக்கம் மாமா" வந்தது. வகுப்புக்குள் வந்ததும் தடுப்பைச் சுற்றிப் போய், அவர் மேசையிலிருந்த பிரம்பை எடுத்துவந்தேன். அவளிடம் கையை நீட்டு என்றேன். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தபடியே நீட்டினாள். மூன்று அடி கொடுத்தேன். தடுப்புக்கு அந்தப்பக்கம் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் நின்றுபோனது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். வணக்கத்தில் ஓர் உதடுகூட அசையவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். யாருடைய அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் பாதிக் கடைகள் மூடிக் கிடந்த சூலியா தெரு வழியாக நடந்து வந்தோம். கால் வலித்தது. "உங்க மாதிரியே நடத்திட்டேன். இப்ப சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த புத்தகப் பையை வாங்கிக்கொண்டார். "நான் அடிச்சா பிள்ளைங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும். நான் அடிக்கிற ஆளுன்னு தெரியும். நீ அடிச்சிட்டியே."

எனக்குக் கோபம் பொங்கியது. வலித்த காலோடு அவரை முந்தி நடந்தேன்.

ஜப்பான்காரன் போனான். காலை வணக்கமும் போனது. அவளும் வளர்ந்து, அதே பள்ளியில் மேல் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒருநாள் பூகோளப் பாடத்தில் வேண்டுமென்றே அவளைப் பார்த்துக் கேட்டேன்: "நம்ம ஊருக்குக் கிழக்கே என்ன இருக்கு?" மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பார்த்தாள். அதில் சாக்பீஸ் மட்டும்தான் இருந்தது.

"தெரியாது டீச்சர்" என்றாள்.