மூன்றாம் முறை

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் யாரும் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவள் என் தோழி. நானும் அவளுக்குத் துணையாக நின்றேன்.

அப்போது சான் ரமோனில் அடுத்தடுத்த அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். குடியுரிமைத் தேர்வுக்கு அவள் வீட்டில் சேர்ந்து படிப்போம். இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி இரண்டு முறை போதுமென்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் அந்த வழக்கத்தை மீறவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து ஒருவர் நான்கு முறை ஜெயித்த பிறகுதான் அதை அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். இதைப் படித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"நம்ம சங்கத் தலைவர் அங்கிளும் வருஷக்கணக்கா நாற்காலிய விட மாட்டேங்கறாரே. வழக்கத்த எல்லாம் நம்ப முடியாதுடி. எழுதி வெக்கணும்."

பக்கத்து ஊரான பிளசன்டன் வரை வீடு வீடாகப் போய் உறுப்பினர்களிடம் பேசினோம். பொதுக்குழுவில் அப்போது தலைவராக இருந்த அந்த அங்கிள், "உங்கள கமிட்டிக்குள்ள கொண்டுவந்ததே நான்தாம்மா" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் கலங்கவில்லை.

"உங்க மேல கோபம் இல்ல அங்கிள். யாரா இருந்தாலும் ரெண்டு டேர்ம்தான். நானா இருந்தாலும்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே பலர் கை தூக்கினார்கள்.

அடுத்த தேர்தலில் அவளே தலைவியானாள். நன்றாகவும் நடத்தினாள், அதை மறுக்க மாட்டேன். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் பெருகினார்கள். இரண்டாம் முறையும் ஜெயித்தாள். அது முடியும் தறுவாயில் ஒருநாள், "அடுத்து நீ நில்லு, நான் கேன்வாஸ் பண்றேன்" என்றாள். நம்பினேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குப் பிளானோவில் வளைகாப்பு. ஏர்போர்ட்டுக்கு என்னைத் தோழியே காரில் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் மகனின் காலேஜ் அப்ளிகேஷனைப் பற்றிப் பேசினாள். இறங்கும்போது கட்டிக்கொண்டு, "நிம்மதியா இருந்துட்டு வா. சங்கத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் வளைகாப்பு முடிந்து டோல்வேயில் காரில் வந்துகொண்டிருந்தோம். போனைப் பார்த்தேன். காலையில் அவசரக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்திருந்தது. விழாச் சந்தடியில் நான் கவனிக்கவில்லை. மாலைக்குள் கூட்டமே முடிந்துவிட்டது. விதி திருத்தப்பட்டது, இனிமேல்தான் கணக்கு தொடங்குகிறது, அவளுடைய முந்தைய இரண்டு முறையும் சேராது, அவள் மறுபடி நிற்கலாம். ஒருமனதாக நிறைவேறியது என்று போட்டிருந்தார்கள்.

காரிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.

"நீ இருந்தா எதுத்துப் பேசியிருப்ப. அதான்" என்றாள்.

"நேத்து ஏர்போர்ட்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ ஃப்ளைட் ஏறியிருக்க மாட்ட."

கைநிறைய வளையல்களோடு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டிலிருந்து தங்கையின் கணவர், "என்னாச்சு அண்ணி?" என்றார்.

ஊர் திரும்பியபின் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். மெக்சிகோவிலிருந்து வந்த சக ஊழியர் சிரித்தார். அவர்கள் நாட்டில் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஜனாதிபதியாக முடியுமாம். ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று கேட்டேன். முன்பு ஒரு தளபதி, மறுதேர்தலே கூடாது என்று முழங்கித்தான் ஆட்சியைப் பிடித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தித் திருத்தி முதுமை வரை அங்கேயே இருந்தார். புரட்சி வெடித்துத்தான் அவரை இறக்க முடிந்தது என்றார். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அந்தத் தளபதியும் முதலில் முழங்கியபோது உண்மையாகத்தான் முழங்கியிருப்பாரோ?

தேர்தலில் அவளை எதிர்த்து நின்றேன். பழைய தலைவர் போன் செய்தார். "என் ஓட்டு உனக்குத்தாம்மா. ஆனா ஜெயிக்க மாட்ட."

அவர் சொன்னபடியே ஆயிற்று. முடிவு அறிவித்ததும் அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மனசுல வெச்சுக்காதடி."

கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அதில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.