புரியவில்லை என்று டிக் அடித்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. முப்பது பேருக்கு நடுவில், அறுபத்திரண்டு வயதில், பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, "சார், நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

ஆமாம், நானேதான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நியாயம் பேசுகிற அதே ஆள்!

அறிவியல் ஆராய்ச்சி செய்கிற, வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். மாமல்லபுரம் கடற்கரையில் உண்டியல் குலுக்குவோம். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப்போய்ப் பேச வைப்போம். யார் கேட்டாலும் புரிகிற மாதிரி பேச வேண்டுமே? அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒருமுறை, அறிவியல் தெரியாத ஒரு உறுப்பினருக்கு ஃபோன் செய்து தன் ஆராய்ச்சியை விளக்க வேண்டும். கேட்டவர் ஃபார்மில் டிக் அடிக்க வேண்டும் – புரிந்தது, அல்லது புரியவில்லை. புரியவில்லை என்றால் அடுத்த வாரமே மறுபடி விளக்க வேண்டும்.

அறிவியல் தெரியாதவர் யார் என்றதும் எல்லோரும் ஒருமனதாக என்னைக் கைகாட்டினார்கள்.

எனக்கு வாய்த்தவள் ரேவதி. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். கரையோர மணல் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. புதன்கிழமை சரியாக நாலு மணிக்குக் கூப்பிட்டாள்.

"மண்ணு ஒரே எடத்துல இருக்காது மேடம், அலையோட நடந்துகினே கீது. நடுவுல கல்லைக் கொட்டி மறிச்சா, தெக்காலருந்து வர்ற மண்ணு அங்கியே நின்னுடும். வடக்கால புது மண்ணு வராது. இருக்கறதையும் அலை இழுத்துகினு பூடும். அப்பால வடக்கால இருக்கறவன் வூடு காலி. எங்க வூடும் வடக்காலதான் கீது."

முதல் தடவையிலேயே பளிச்சென்று புரிந்துவிட்டது. ஃபோனை வைத்தேன். வீடு கப்சிப்.

என் கணவர் போய் இரண்டு வருடமாகிறது. படூரில் எட்டாவது மாடி ஃபிளாட். சில நாள் என்னிடம் பேசுவது லிஃப்டில் மாடி நம்பர் சொல்கிற பதிவுக் குரல் மட்டும்தான். ஒருநாள் அதற்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டேன்... சிரிக்காதீர்கள்.

'புரியவில்லை' என்று டிக் அடித்தேன்.

அடுத்த புதனும் கூப்பிட்டாள். "இன்னா மேடம், இன்னுமா புரியல?" என்று சிரித்தாள். பின்னால் யாரோ அவளை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். ஒரு நாய் குரைத்தது. எனக்கு அந்தச் சத்தமெல்லாம் வேண்டியிருந்தது. மறுபடி அதே டிக்.

மூன்றாவது புதன் அவள் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் டிக் அடித்தேன் பாருங்கள், அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

மூன்று முறை 'புரியவில்லை' வந்தால் உதவித்தொகையைத் தொடர்வதா என்று கமிட்டி முடிவு செய்யுமாம். ஃபார்மின் கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எங்கள் செயலாளர், ரிட்டையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார், எழுந்து சொன்னார்: "ரேவதிக்கு விஷயம் தெரியுது. எடுத்துச் சொல்ல வரலை. வேற பிள்ளைக்குக் கொடுத்துடலாம்."

கடைசி பெஞ்சில் ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நான் எழுந்தேன்.

"புரிஞ்சுதுன்னா சொல்லுங்க பார்ப்போம். மணல் ஏன் போகுது?" என்றார் வாத்தியார்.

சொன்னேன். அலை, கல், தெற்கு, வடக்கு, காலியாகும் வீடு – அவள் சொன்ன வரிசையிலேயே, ஒன்றுவிடாமல். வகுப்பறையே தலையாட்டியது. உதவித்தொகை தொடரும் என்றார்கள். ரேவதி விளக்குவதைக் கேட்க இனி வேறு ஆள் என்றும் சொன்னார்கள். நியாயம்தான்.

வராந்தாவில் ரேவதி என்னை மறித்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்குத்தான் பேச வரலைன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம். படிப்பே வாணாம், உட்ரலாம்னு கூட... ஏன் மேடம் அப்டி பண்ணீங்க?"

"நீ மறுபடி கூப்பிடணும்னுதாம்மா" என்றேன்.

"அதுக்கு, சும்மா பேசு ரேவதின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பேசியிருப்பேன்ல?"

மரமண்டை என்று பெயர் வாங்கக்கூடத் தயாராக இருந்திருக்கிறேன். தனியாக இருக்கிறேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. உங்களில் எத்தனை பேருக்கு வரும்?

நேற்று புதன்கிழமை. நாலு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. நாலரை வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், புரியலையா?" என்றாள். குரலில் கோபம் பாதிதான் குறைந்திருந்தது.

"எல்லாம் புரிஞ்சிடுச்சும்மா. சும்மாதான்."