எண்ணூறு மீற்றரும் பங்குக் கிணற்றுத் தொட்டியும்

ஓடிக் களைத்த காலைக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்திருந்தால் மறுநாளும் ஓடலாம் என்று எங்கள் விளையாட்டு ரீச்சர் ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையில் வாசித்திருந்தார். அதிலிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரி ஐஸ்கட்டிகளுக்கு நடுவே இடுப்பளவு இறங்கி இருந்தாள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று வருசக்கணக்காகிவிட்டது. ஐஸ்கட்டியைப் படத்தில்தான் பார்க்கலாம்.

"ஐஸ் இல்லாட்டி என்ன ரீச்சர், கிணறு இருக்குத்தானே" என்றேன். ரீச்சர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

முந்தைய வருசம் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தின் முதற் சுற்றில் நான் நன்றாகத்தான் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆவி பறக்கப் பறக்கக் காலில் ஊற்றி, நல்லெண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்தா. விடிய எழும்பினால் இரண்டு காலும் மேசைக்கால் மாதிரி மடங்க மறுத்தன. இறுதிப் போட்டியில் கடைசியாக வந்தேன். மைதானத்து மதிலில் இருந்த பெடியள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருசம் முழுக்கச் சுமந்து திரிந்தேன். இந்த முறை இறுதிப் போட்டியில் கால் மடங்கி ஓடவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மானிப்பாயில் எங்கள் வீட்டுப் பின்வளவுக் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பெரியப்பாவுக்கு. மண்ணெண்ணெய் விலைக்குப் பம்பை மூடிவைத்துவிட்டுத் துலாவால் ஆளுக்கொரு நாள் முறை போட்டு இறைத்த காலம். முதற் சுற்று நடந்த அன்று எங்கள் முறை. விடியவே எழும்பித் துலாவில் இழுத்து இழுத்துக் கிணற்றடித் தொட்டியை நிரப்பினேன். வெயில் படாமல் தென்னோலைக் கிடுகால் மூடி, மேலே சாக்கை நனைத்துப் போட்டேன். தை மாதத்துக் காற்று மிச்ச வேலையைப் பார்க்கும் என்று நம்பினேன்.

சுற்றில் இரண்டாவதாக வந்து இறுதிப் போட்டிக்குத் தெரிவானேன். அங்கேயேதான் மாதவிலக்கும் வந்தது. பாழ்படுவான், வேறு நாளே கிடைக்கவில்லை!

எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் துடக்கு. மூன்று நாள் கிணற்றுக்கட்டில் கால் வைக்கக்கூடாது. மிளகாய்த் தோட்டப் பக்கம் தலைகாட்டவே கூடாது, நிழல் பட்டாலே கன்று கருகிவிடுமாம். என் நிழலுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் முதலில் கோரைப்புல்லைக் கருக்கியிருப்பேன். அதைப் பிடுங்கிப் பிடுங்கியே என் கை கொப்பளித்துக் கிடந்தது.

வீட்டில் உடுப்பை மாற்றிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்ச் சாக்கைத் தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். ஐயோ, அந்தக் குளிர்! பல்லுக்குப் பல் அடித்தது. தொடையில் ஆயிரம் ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் நோவெல்லாம் மரத்துப்போய், கால் என்னுடையதே இல்லை என்பது போல ஒரு சுகம் வந்தது.

அதற்குள் நான் கழற்றிப் போட்ட கறைபட்ட உடுப்பை அம்மா கண்டுவிட்டா. தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தா.

"எடி விசரி! துடக்கோடை தொட்டிக்கை இறங்கி இருக்கிறியே? எழும்பு வெளியாலை!"

பக்கத்துப் பாத்தியில் கொத்திக்கொண்டிருந்த பெரியப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது. அம்மா வாயைப் பொத்தினா. பிந்திவிட்டது.

"கண்டறியாத ஓட்டமும் நீங்களும்! கிணத்தடியெல்லாம் துடக்காக்கிப் போட்டியள். என்ரை மிளகாய் எல்லாம் கருகப்போகுது!" என்று கத்தியபடி வந்து, தொட்டி ஓட்டையில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் இறைப்பு முறை அவருடையது. அதற்காக வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிவைத்ததும் அவரேதான். என்னைச் சுற்றியிருந்த தண்ணீர் முழுவதும் சலசலவென்று அவருடைய மிளகாய்ப் பாத்திக்கே ஓடியது. மனுசன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மறிக்க ஓடினார். எங்கே மறிக்கிறது? முதல் இரண்டு பாத்தியும் நிரம்பிவிட்டன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். (அந்த மிளகாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. காய்த்தது, பழுத்தது, சந்தைக்குப் போனது.)

சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது. ரீச்சர் சொன்ன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வெறுந்தொட்டிக்குள் இருந்த என் காலில் நோ திரும்பவும் ஏறத் தொடங்கியது.

"அம்மா, நாளைக்கு நான் ஓடவேணும். போன வருசம் மாதிரி என்னாலை நிக்கேலாது. என்னைக் கொன்றாலும் நான் உதுக்குள்ளையிருந்து எழும்பமாட்டன்."

அம்மா குனிந்து பெரியப்பா எறிந்த துணியை எடுத்து ஓட்டையை இறுக்கி அடைத்தா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துலாக்கயிற்றைப் பிடித்தா. முதல் வாளித் தண்ணீர் என் தொடையில் விழுந்தது.

"என்னடி செய்யிறாய்? உனக்கும் விசரே?" பெரியப்பா வாய்க்காலடியில் நின்று கத்தினார்.

"இண்டைக்கு எங்கடை முறை. இது எங்கடை பங்குத் தண்ணி, அத்தான். நீங்கள் உங்கடை மிளகாயைப் பாருங்கோ."

அதுவரை அம்மா பெரியப்பாவுக்கு மறுத்து ஒரு சொல் சொன்னதை நான் கேட்டதில்லை. தொட்டி என் இடுப்பளவு நிரம்பும்வரை அவ ஓயவில்லை.

மறுநாள் கால் மடங்கியது. வெறுங்காலோடு ஓடினேன். கடைசி நூறு மீற்றரில் மூன்று பேரைத் தாண்டினேன். கரவெட்டிப் பிள்ளை ஒருத்தியை மட்டும் பிடிக்க முடியவில்லை. மதிலில் இருந்த பெடியளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டு முற்றத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஓடின உடுப்போடேயே கிணற்றடிக்குப் போனேன். பெரியப்பா தன் முறைக்கு இறைத்துக்கொண்டிருந்தார். துடக்கின் இரண்டாம் நாள், அது அவருக்கும் தெரியும். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் கிணற்றுக்கட்டில் ஏறிக் கயிற்றில் கை வைத்தேன்.

"கொஞ்சம் தள்ளுங்கோ பெரியப்பா. ஓடின கால், நோகுது."

அவர் வாயைத் திறந்தார். பிறகு கயிற்றை என்னிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.