பிரிட்ஜை ஆஃப் பண்ணலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு பிரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

கரண்ட் பில் எகிறிவிட்டது. எது இப்படி இழுக்கிறது? சிவகாசி அச்சாபீஸில் காகிதக் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவர். கண்டுபிடிக்காமல் விடுவாரா?

"எத்தன வாட்டோ அத ஓடுற மணிநேரத்தால பெருக்கு. ஆயிரத்தால வகு. அதான் யூனிட்டு" என்று எனக்குப் பாடம் வேறு.

முதல் சந்தேகம் மிக்ஸி மேல். அது போடுகிற சத்தத்துக்கு... ஆனால் கணக்குப் போட்டால் அது தின்பது கொஞ்சம்தான். சில நிமிஷம்தானே ஓடுகிறது? ஏசியும் ராத்திரியில் கொஞ்ச நேரம்தான். மூலையில் அமைதியாக நிற்கிற பழைய பிரிட்ஜ்தான் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. குடும்பங்களிலும் அப்படித்தான். கத்துகிறவர்களால் பெரிய செலவு வருவதில்லை.

"நாளையிலருந்து பகல்ல இத ஆஃப் பண்ணிருவோம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசலில் முத்துலட்சுமி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பட்டாசு கம்பெனியில் வேலை. அவள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. சர்க்கரைக்குப் போடும் இன்சுலினை எங்கள் பிரிட்ஜில்தான் வைத்திருப்பாள். தினமும் காலையில் வந்து எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு போவாள். அன்று வந்தவள், அவர் சொன்னது காதில் விழுந்ததும் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"மண்பானையில ஈரத்துணி சுத்தி வச்சிருக்கேன்க்கா. அண்ணாச்சிக்கு எதுக்குச் சங்கடம்?" என்றாள்.

வெளியே எங்கள் ஊர் வெயில். பானை எவ்வளவு நேரம் தாங்கும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, உன் மருந்து அங்கன இருக்கிற ஞாபகமே இல்லாம சொல்லிட்டேன்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. என்னால உங்களுக்கு எதுக்குக் கூடுதல் கரண்டு?"

"உன் டப்பாவுக்குன்னு அது தனியாவா ஓடுது? எங்க வீட்டு மாவுக்கு ஓடுறதுதான். இங்கன கொண்டா."

அவள் தயங்கினாள். "ஆஃப் பண்ண மாட்டீகளே?"

"பண்ண மாட்டேன்."

டப்பாவைக் கொண்டுவந்தாள். வெயில் படாமல் துண்டுக்குள் பொதிந்து, கைக்குழந்தையைத் தூக்குவது போல அவரே தூக்கி வந்தார்.

நேற்று மெக்கானிக் வந்தார். கதவு ரப்பர் கிழிந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்ததாம். புது ரப்பர் போட்ட பிறகு மோட்டார் நடுநடுவே நின்று ஓய்வெடுக்கிறது. முத்துலட்சுமியும் பழையபடி காலையில் வந்துபோகிறாள்.

அதோடு விட்டாரா? மிச்சக் கணக்கை ஈடுகட்ட வேண்டுமென்று ஏசியை இருபத்தெட்டில் வைத்துவிட்டார். கசகசவென்றுதான் இருக்கிறது... இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல மனுஷன்.